எண்ணப்பட்டும் பெயர்பெறாதவர்கள்

ஒரு மக்கட் கூட்டம் வரலாற்றில் இடம்பெறாமற் போவதற்குப் பல காரணங்கள் உண்டு. சட்டம் தடைசெய்திருக்கலாம், மதபீடம் சபித்திருக்கலாம், ஆட்சியாளர்கள் அழித்திருக்கலாம். எவரும் தடைசெய்யாமல், எவரும் சபிக்காமல், ஆய்வாளர்களின் கண்முன்னே புள்ளிவிபரமாகவே கிடந்தும் நெடுங்காலம் காணப்படாமற்போன ஒரு கூட்டத்தாரைப் பற்றி இங்கு எழுத விரும்புகிறேன். ஆணாயினும் பெண்ணாயினும் வேறெவராயினும், எவர்மீதும் பாலியல் ஈர்ப்புத் தோன்றாதவர்கள் இவர்கள். இந்நிலையைப் பாலீர்ப்பின்மை என்றும் அல்பாலீர்ப்பு என்றும் இக்காலத்தில் தமிழில் எழுதுகிறார்கள். நான் முதற்சொல்லைக் கையாளுகிறேன்.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவாக்கிவிட வேண்டும். இது துறவறம் அன்று. துறவி தம்மிடத்தே எழும் ஆசையை விரதத்தால் அடக்குகிறார். அடக்குவதற்கு ஆசை இருக்கிறது என்பதனாலேயே அவரது விரதத்துக்கு மதிப்பு. பாலீர்ப்பற்றவரிடம் அடக்குவதற்கு எதுவும் இல்லை. அவர் காதலிக்கக்கூடும், திருமணம் செய்திருக்கக்கூடும், பிள்ளைகளைப் பெற்றும் இருக்கக்கூடும். அன்பும் பாசமும் தோழமையும் அவரிடத்திற் குறைவின்றி இருக்கலாம். உடலை நாடும் அந்த ஒரு ஈர்ப்பு மட்டும் தோன்றுவதில்லை.

ஜேர்மனியில் எழுந்த முதற் குரல்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஐரோப்பிய வைத்தியர்கள் பாலியல் நடத்தைகளை வகைப்படுத்திப் பட்டியலிடத் தொடங்கினர். ஒஸ்ரியாவில் பணிபுரிந்த உளநோய் வைத்தியர் கிராஃப்ட் - எபிங் 1886இல் வெளியிட்ட புகழ்பெற்ற நூலில், பாலுணர்வே அற்றவர்களையும் நோயாளர் வரிசையிற் சேர்த்தார். உணர்விழப்பைக் குறிக்கும் மருத்துவச் சொல்லையே அவர்களுக்குச் சூட்டினார். பெயரிலேயே தீர்ப்பும் அடங்கியிருந்தது.

பதினொரு ஆண்டுகளின் பின்னர், 1897இல், எம்மா ட்ரொஸ என்ற ஜேர்மனியப் பெண்மணி சிறுநூல் ஒன்றை எழுதினார். இவர் ஓர் ஆசிரியை. தன்பால் நாட்டம் கொண்ட பெண்களைப் பற்றிய அந்நூலில், சிற்றின்ப நாட்டமே இல்லாத ஒரு சாராரும் மனிதருள் உண்டு என எடுத்துக்காட்டினார். அத்துடன், அச்சாராருள் தம்மையும் ஒருவராகக் கூறிக்கொள்ளும் துணிவு தமக்குண்டு என்றும் குறிப்பிட்டார். வைத்தியர்கள் பிறரைப் பற்றிப் பேசிய காலத்தில், அவர் தம்மைப் பற்றிப் பேசினார். இந்த விடயத்தில் அச்சேறிய முதற் சுயவாக்குமூலங்களுள் ஒன்றாக அதனைக் கொள்ளலாம். அக்குரலைத் தொடர்ந்து எடுத்துச்செல்ல எவரும் இருக்கவில்லை. அவரது நூல்களும் நெடுங்காலம் மறக்கப்பட்டுக் கிடந்தன.

கின்சியின் 'எக்ஸ்'

அரை நூற்றாண்டு கழிந்தது. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்து விலங்கியலாளர் அல்பிரட் கின்சி, 1948இல் ஆண்களின் பாலியல் நடத்தை பற்றியும் 1953இல் பெண்களின் பாலியல் நடத்தை பற்றியும் இரு பெரும் நூல்களை வெளியிட்டார். ஆண்கள் பற்றிய நூலுக்கு ஏறக்குறைய 5,300 பேரின் செவ்விகளும், பெண்கள் பற்றிய நூலுக்கு 5,940 பேரின் செவ்விகளும் அடிப்படையாயின. மனிதரின் பாலியல் நாட்டத்தை 0 முதல் 6 வரையான அளவுகோலில் அவர் நிறுத்தினார். முற்றிலும் எதிர்ப்பாலை நாடுபவர் ஒரு முனையிலும், முற்றிலும் தன்பாலை நாடுபவர் மறுமுனையிலும் நின்றனர்.

அளவுகோலில் எங்குமே நிறுத்த முடியாத சிலர் எஞ்சினர். அவர்களுக்குக் கின்சி ஓர் எழுத்தை வழங்கினார்: 'எக்ஸ்'. கணிதத்தில் அறியப்படாத கணியத்துக்கு இடும் அதே எழுத்து. அந்த எழுத்தை இட்டதும் ஆய்வு முன்னே சென்றுவிட்டது. 0 முதல் 6 வரையான இலக்கங்கள் பற்றி உலகெங்கும் வாதப்பிரதிவாதங்கள் நிகழ்ந்தன, நூல்கள் எழுதப்பட்டன, பத்திரிகைகள் தலைப்பிட்டன. 'எக்ஸ்' பற்றி எவரும் கேட்கவில்லை.

1972இல் நியூயோர்க்கின் தீவிரப் பெண்ணிலைவாத அமைப்பொன்றினுள் இயங்கிய சிறு குழுவினருக்காக லிசா ஒர்லாண்டோ என்பவர் ஓர் அறிக்கை எழுதினார். பாலீர்ப்பின்மையின் பெயரையே அது தலைப்பில் தாங்கியிருந்தது. ஆயினும் அவர்கள் பேசியது ஓர் அரசியல் நிலைப்பாடு: பெண்ணை நுகர்பொருளாக்கும் உறவுமுறையிலிருந்து தாமாகவே விலகுதல். இன்று நாம் பேசும் இயல்பான ஈர்ப்பின்மையும் அதுவும் ஒன்றல்ல. சொல் ஒன்றாயினும் பொருள் வேறு என்பதை வரலாறு எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

1977இல் மைரா ஜோன்சன் எழுதிய கட்டுரையே இந்த விடயத்தை நேராக அணுகியது. பாலீர்ப்பற்ற பெண்களை 'காணப்படாத கூட்டத்தார்' என அவர் அதில் அழைத்தார். அவர் ஆதாரமாகக் கொண்டவை ஆய்வுகூட முடிவுகளல்ல. மகளிர் சஞ்சிகைகளுக்கு வாசகிகள் எழுதிய கடிதங்கள். பாலியல் புரட்சியும் பெண்விடுதலை இயக்கமும் ஒருசேரக் கைவிட்ட பெண்கள் அக்கடிதங்களில் இருந்தனர். ஆசையை மறைக்காதே என்று ஒரு காலம் போதித்தபோது, ஆசையே இல்லாதவர்கள் எங்கு செல்வது?

இதனை வாசித்தபோது, பத்திரிகைக் காரியாலயத்தில் நான் கண்ட கடிதங்கள் நினைவில் எழுந்தன. ஞாயிறு வெளியீடுகளில் 'வைத்தியர் பதில்' பகுதிக்கு வரும் கடிதங்களுள், ஆண்டுதோறும் சில, ஒரே பாங்கில் அமைந்திருக்கும். கணவர் நல்லவர், அவர்மீது அன்பும் உண்டு, ஆனால் பிறர் பேசும் அந்த நாட்டம் எனக்கு என்றுமே தோன்றியதில்லை, இது நோயா என்று கேட்டிருப்பார்கள். ஆண்களும் எழுதுவார்கள், அவர்களது கடிதங்களில் வெட்கம் கூடுதலாக இருக்கும். இரத்தப் பரிசோதனை, சத்து மாத்திரை, மனதை ஒருநிலைப்படுத்தல், பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற ஆறுதல் ஆகியவையே பதிலாகக் கிடைத்தன. நோய் என்ன என்று ஆராயாமலே மருந்து எழுதப்பட்டது. 'உங்களைப் போன்றோர் வேறு பலரும் உள்ளனர்' என்ற ஒரு வரி அச்சாகியிருந்தால் எத்தனை பேர் நிம்மதியாக உறங்கியிருப்பார்கள்!

1980இல் கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உளவியலாளர் மைக்கல் ஸ்டோர்ம்ஸ், கின்சியின் ஒற்றைக் கோட்டைக் கைவிட்டு இரு அச்சுகள் கொண்ட வரைபடமொன்றை முன்வைத்தார். எதிர்ப்பால் ஈர்ப்பு ஓர் அச்சு. தன்பால் ஈர்ப்பு மற்றோர் அச்சு. இரண்டும் மிகுந்திருப்பவர் இருபால் ஈர்ப்பினர். இரண்டும் குறைந்திருப்பவருக்கும் அந்த வரைபடத்தில் ஓர் இடம் கிடைத்தது. பட்டியலுக்கு வெளியே நின்ற 'எக்ஸ்', முதன்முறையாக மற்றையோருடன் ஒரே படத்தினுள் வந்தது.

பதின்மூன்று ஆண்டுகள் உறங்கிய விடை

எயிட்ஸ் நோய் அச்சுறுத்திய காலத்தில், பிரித்தானியாவில் நாடளாவிய பாலியல் நடத்தை ஆய்வொன்று திட்டமிடப்பட்டது. மார்கரட் தட்சரின் அரசாங்கம் 1989இல் அதற்கு நிதி வழங்க மறுத்தது. வெல்கம் அறக்கட்டளை முன்வந்து நிதி வழங்க, 1990 - 91 காலப்பகுதியில் 18,000க்கு மேற்பட்டோரிடம் கேள்விகள் கேட்கப்பட்டன. பாலியல் ஈர்ப்புப் பற்றிய கேள்விக்குரிய விடைகளுள் ஒன்று, எவர்மீதும் ஒருபோதும் ஈர்ப்பை உணர்ந்ததில்லை என்பது. அதனைத் தெரிந்தெடுத்தவர்கள் 195 பேர்.

விடை கையில் இருந்தது. அதனை எடுத்துப் பார்த்தவர் கனடாவின் புரொக் பல்கலைக்கழகப் பேராசிரியர் அந்தோனி போகாட். அவரது ஆய்வுக்கட்டுரை 2004இல் வெளியானது. ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்பது அவர் கண்ட கணக்கு. அதே ஆய்வில் தன்பால் ஈர்ப்பினராகத் தம்மைக் குறித்தோரின் வீதமும் ஏறக்குறைய அதே அளவினதே என்பது பலரை வியக்கவைத்தது. ஒரே கணக்கெடுப்பு, ஒத்த தொகை. ஒரு சாராரைப் பற்றி நூலகம் நிறைய நூல்கள், மறு சாராரைப் பற்றி ஒரு வரியும் இல்லை. கடந்த நூற்றாண்டில் இவர்களது நிலைமையைக் காட்ட இதைவிடச் சான்று தேவையில்லை.

அமீபாக்களின் புகலிடம்

போகாட்டின் கட்டுரை வெளியானபோது, அவர் எண்ணிய மனிதர்கள் ஒருவரையொருவர் ஏற்கனவே கண்டுபிடித்திருந்தனர். 1997இல் இணையச் சஞ்சிகையொன்றில் சோயி ஓ'ரைலி என்ற பெயரில் வெளியான கட்டுரையொன்று, தம்மை ஒரு மனித அமீபா என நகைச்சுவையாக வருணித்தது. நானும் அப்படியே, நானும் அப்படியே என வாசகர்கள் எழுதத் தொடங்கினர். 2000 ஒக்டோபரில் யாஹூ நிறுவனத்தின் குழுமச் சேவையில் 'மனித அமீபாக்களின் புகலிடம்' என்ற மின்னஞ்சற் குழுமம் உருவானது.

அமீபா ஏன் வந்தது என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டும். நமது பாடசாலை விஞ்ஞான நூல்களில் அமீபா பிளவுற்றுப் பெருகுவதை 'இலிங்கமில் இனப்பெருக்கம்' என்று படித்தோம். ஆங்கிலத்தில் அந்த இனப்பெருக்கத்தையும் பாலீர்ப்பற்ற மனிதரையும் ஒரே சொல் குறிக்கிறது. எனவே 'நீ இரண்டாகப் பிளந்துகொள்வாயா?' என்ற கேலி அங்கு எளிதில் பிறந்தது. அக்கேலியையே அவர்கள் தமக்குப் பெயராகச் சூடிக்கொண்டனர். தமிழில் இவ்விரண்டுக்கும் தனித்தனிச் சொற்கள் இருப்பதால் இந்த ஒரு கேலியிலிருந்து மட்டும் நமது மொழி தப்பியது.

2001இல், கொனெக்டிகட் மாநிலத்து வெஸ்லியன் பல்கலைக்கழக மாணவராக இருந்த டேவிட் ஜே, பாலீர்ப்பின்மைப் புலப்பாட்டுக்கும் கல்விக்குமான வலையமைப்பைத் தொடங்கினார். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஏவன்' என அது அழைக்கப்படுகிறது. பாலியல் ஈர்ப்பை உணராதவரே பாலீர்ப்பற்றவர் என்ற எளிய வரைவிலக்கணத்தை அது முன்வைத்தது. தம்மை அவ்வாறு உணர்பவர் எவரும் அப்பெயரை ஏற்கலாம்; சோதித்துச் சான்றிதழ் வழங்கும் அதிகாரி எவரும் இல்லை என்பது அதன் நடைமுறை. இந்தத் திறந்த வாயிலே அதனைப் பெருக வைத்தது என நான் கருதுகிறேன்.

அவர்களது வாழ்வில் சிறு சிறு வழக்கங்கள் தோன்றின. புதிதாக வருபவரைக் கேக் படத்துடன் வரவேற்பது ஒன்று. பாலுறவைவிடக் கேக் மேலானது என்ற அவர்களது நகைச்சுவையிலிருந்து அது வந்தது. வலக்கை நடுவிரலில் கறுப்பு மோதிரம் அணிவது மற்றொன்று. சீட்டுக்கட்டின் 'ஏஸ்' அவர்களது சுருக்கப்பெயரும் சின்னமுமானது. 2010இல் வாக்கெடுப்பின் மூலம் கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா நிறங்கள் கொண்ட கொடி தெரிவானது. சொற்களும் பிறந்தன. காதல் உணர்வு வேறு, உடல் ஈர்ப்பு வேறு என்ற பாகுபாடு அவர்களது உரையாடல்களிலேயே கூர்மை பெற்றது. ஆழ்ந்த மனப்பிணைப்பு ஏற்பட்ட பின்னரே ஈர்ப்புத் தோன்றுவோரைக் குறிக்கும் 'டெமிசெக்சுவல்' என்ற சொல் 2006இல் அங்கு உருவானதே.

சட்டத்திலும் ஒரு தடம் பதிந்தது. 2002 டிசெம்பரில் நியூயோர்க் மாநிலம் நிறைவேற்றிய பாரபட்சத் தடைச் சட்டம், பாலியல் நாட்டம் என்பதற்கு வரைவிலக்கணம் கூறுகையில் பாலீர்ப்பின்மையையும் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதன் மூலம் வேலையிலும் வீட்டு வாடகையிலும் பாதுகாப்பு வழங்கப்பட்டது.

ஐந்து பழிகளும் பதில்களும்

வெளிச்சத்துக்கு வந்தவர்களைக் கேள்விகள் சூழ்ந்தன. இது ஹோமோன் குறைபாடு, சிறுவயதில் நேர்ந்த கொடுமையின் விளைவு, உரியவரை இன்னும் சந்திக்கவில்லை, தன்பால் ஈர்ப்பை மறைக்கும் போர்வை, உணர்ச்சியற்ற மரக்கட்டை. ஏறக்குறைய எல்லாக் கேலிகளும் இந்த ஐந்தினுள் அடங்கும். 2006 அளவில் டேவிட் ஜே அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் தோன்றியபோது இவையே அவரிடம் கேட்கப்பட்டன. சினமின்றி, சிரித்த முகத்துடன் அவர் விடையளித்தார். அவ்விடைகள் கேட்பவரை மாற்றினவோ இல்லையோ, வீட்டில் தனித்திருந்து பார்த்தோருக்குத் தமக்கும் ஒரு பெயர் உண்டு என்பதை அறிவித்தன.

ஆய்வுகளும் துணைக்கு வந்தன. பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் லோரி புரொட்டோவும் மொராக் யூலும் 2011இல் வெளியிட்ட ஆய்வு, பாலீர்ப்பற்ற பெண்களின் உடலியற் செயற்பாடு ஏனைய பெண்களினதைப் போன்றே இருப்பதைக் காட்டியது. உடலில் பழுதில்லை, ஈர்ப்பின் திசையே இல்லை.

ஆயினும் 2012 ஜனவரியில், உலகெங்கும் பார்க்கப்பட்ட 'ஹவுஸ்' என்ற அமெரிக்க வைத்தியத் தொலைக்காட்சித் தொடரில் பாலீர்ப்பற்ற தம்பதியர் தோன்றினர். கதை முடிவில், கணவனுக்கு மூளையில் கட்டி என்பதும், மனைவி கணவனுக்காகப் பொய் சொல்லி வாழ்ந்தாள் என்பதும் 'கண்டுபிடிக்கப்பட்டன'. ஒரே அங்கத்தில் நோய் என்ற பழியும் பொய் என்ற பழியும் உறுதிசெய்யப்பட்டன. பலர் எதிர்ப்பு மனுவில் ஒப்பமிட்டனர்.

கேலியைவிடக் கனமானது வைத்திய நூலின் தீர்ப்பு. அமெரிக்க உளநோய் வைத்தியர் சங்கத்தின் கைந்நூல், 1980ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து பாலாசைக் குறைவை ஒரு கோளாறாகக் கணித்துவந்தது. 1994இல் வெளியான நான்காம் பதிப்பின்படி, அது ஒருவருக்கு மனவுளைச்சலைத் தந்தாலோ, பிறருடனான உறவிற் சிக்கலைத் தந்தாலோ கோளாறாகும். இரண்டாவது நிபந்தனையைக் கவனியுங்கள். ஒருவர் தம்மளவில் நிம்மதியாக இருந்தும், வாழ்க்கைத்துணைக்கு மனக்குறை இருந்தால் அவரே நோயாளி ஆகிவிடுவார்! 2008 அளவில் ஏவன் உறுப்பினர் சிலர் பணிக்குழு அமைத்து, ஆய்வாளர்களைச் செவ்விகண்டு, அறிக்கை தயாரித்துச் சமர்ப்பித்தனர். 2013இல் வெளியான ஐந்தாம் பதிப்பில் அந்த இரண்டாவது நிபந்தனை நீக்கப்பட்டது. தம்மைப் பாலீர்ப்பற்றவராக அடையாளங் காண்பவருக்கு இந்நோய்ப்பெயரைச் சூட்டலாகாது என்ற குறிப்பும் சேர்ந்தது. பதாகை தூக்கி ஊர்வலம் போகாமல், ஆவணத்தை ஆவணத்தால் எதிர்கொண்டு பெற்ற வெற்றி இது.

வெற்றி முழுமையானதன்று. பெண்களின் ஆசையைத் தூண்டும் மாத்திரையொன்றை, இருமுறை நிராகரித்த பின்னர், 2015 ஓகஸ்ட் மாதத்தில் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. தமக்கென ஒரு பெயர் இருப்பதை அறிந்தவருக்குக் கைந்நூலின் குறிப்புக் காவலாக நிற்கும். அறியாதவருக்கு மாத்திரைச் சீட்டே முதலிற் கிடைக்கும். புலப்பாடு என்பது ஏன் வீண் ஆரவாரமன்று என்பதற்கு இதுவே விடை.

பதிலுக்குள் பதுங்கிய ஆபத்து

ஒரு பழிக்குப் பதில் சொல்லும் அவசரத்தில் வேறொருவரைக் கைவிடும் ஆபத்தும் உண்டு. 'நாங்கள் நோயாளர் அல்லர், கொடுமைக்கு ஆளானோர் அல்லர், ஊனமுற்றோர் அல்லர்' என்று உரத்துச் சொல்லும்போது, நோயுற்ற, கொடுமையை அனுபவித்த, ஊனத்தோடு வாழ்கின்ற பாலீர்ப்பற்றவர் எங்கே நிற்பார்? குறையேதுமற்ற, கேள்விக்கு இடந்தராத 'பொற்பதக்க' மாதிரி மனிதரை மட்டுமே சாட்சிக் கூண்டில் ஏற்றும் இந்தப் போக்கை அவர்களுக்குள்ளேயே பலர் கண்டித்தனர். காரணம் எதுவாயினும் ஒருவர் தம்மைப் பற்றிச் சொல்லும் சொல் மதிக்கப்பட வேண்டும் என்பது அவர்களது வாதம். நியாயமான வாதமே.

அதுபோன்றே நிறம் பற்றிய கேள்வியும் எழுந்தது. கறுப்பினப் பெண்களைக் காமத்தின் உருவமாகவே மேற்குலகம் நெடுங்காலம் சித்திரித்துவந்தது. அத்தகைய பெண் ஒருவர் எனக்கு ஈர்ப்பில்லை என்றால் யார் நம்புவார்? பிரித்தானிய மொடல் அழகி யாஸ்மின் பெனோயிற் தமது தோற்றத்தையே பதிலாக்கினார். ஆடை அலங்காரம் ஆசையின் அழைப்பிதழ் அல்ல என்பதே அவர் சொன்ன செய்தி. பிரித்தானியாவில் பாலீர்ப்பற்றோர் எதிர்கொள்ளும் பாரபட்சங்கள் பற்றி ஸ்டோன்வோல் அமைப்புடன் சேர்ந்து 2023இல் அவர் ஓர் அறிக்கையும் வெளியிட்டார்.

நமது பக்கம்

இந்தியாவில், வைத்தியரான பிரகதி சிங் 2014இல் 'இந்தியன் ஏசஸ்' என்ற அமைப்பைத் தொடங்கினார். பாலுறவு தேவைப்படாத துணையைத் தேடுவோர் நேரிற் சந்திக்கவும் வழிசெய்தார். திருமணம் கட்டாயக் கடமையாகிய தெற்காசியச் சமூகத்தில் இதன் பெறுமதி பெரிது. 2022 ஓகஸ்டில் தமிழ்நாட்டு அரசு, பால்புதுமையரைக் குறிக்கும் மரியாதையான தமிழ்ச் சொற்களின் பட்டியலை அரசிதழில் வெளியிட்டது. சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவே அதற்கு வழிவகுத்தது. ஊடகங்கள் கையாளும் சொற்களும் அவ்வழக்கில் கவனத்துக்கு வந்தன. சர்வதேச பாலீர்ப்பின்மை தினம் ஏப்ரல் 6ஆம் திகதி, 2021இலிருந்து கடைப்பிடிக்கப்படுகிறது.

நமது பழங்கதைகளில் மணவாழ்வை மறுத்து முதுமையை வேண்டிப் பெற்ற ஔவை இருக்கிறாளே, அவளும் இத்தகையவளோ எனச் சிலர் கேட்கக்கூடும். ஐதிகம் சொல்வது அவள் மறுத்தாள் என்பதை மட்டுமே. ஏன் மறுத்தாள் என்பதை நம் காலத்துச் சொல்லால் நிரப்ப நமக்கு உரிமையில்லை. எம்மா ட்ரொஸவுக்கு அந்த உரிமை இருந்தது. அவர் தம்மைப் பற்றித் தாமே எழுதினார்.

இறந்தோருக்குப் பெயரிடுவதைவிட, இருப்போர் தமக்கு இட்டுக்கொண்ட பெயரைப் பிழையின்றி அச்சிடுவதே பத்திரிகையாளரின் கடமை. நூற்றுக்கு ஒருவர் என்ற போகாட்டின் கணக்கு நமக்கும் பொருந்துமாயின், ஆயிரம் பிள்ளைகள் பயிலும் ஒரு பாடசாலையிலிருந்து பத்துப் பேர் இப்படி வளர்ந்து வெளியேறுவார்கள். அவர்களுள் ஒருவர் என்றோ ஒருநாள் ஞாயிறு வெளியீட்டுக்குக் கடிதம் எழுதக்கூடும். பதில் எழுத அமரும் வைத்தியரும், அதனைச் செப்பனிடும் ஆசிரியரும், இந்த நூற்றிருபது ஆண்டுக் கதையை அறிந்திருந்தால் நல்லது.